கல்லுக்குள் உறைந்த காற்று

திருநாவுக்கரசரை ஏழு நாள்கள் நீற்றறையில் அடைத்து வைத்ததாகப் பெரியபுராணம் கூறும். நீற்றறை என்பது சுண்ணாம்பு சுடும் காளவாய். கோயில் சுவருக்கும் குளத்துப் படிக்கட்டுக்கும் வெற்றிலைக்கும் வேண்டிய சுண்ணாம்பைத் தமிழர் நெடுங்காலமாகச் சுட்டு வந்துள்ளனர். காளவாயில் இட்ட கல்லின் எடையில் பாதிக்குச் சற்றே மிகுதியானதுதான் சுண்ணாம்பாக வெளிவரும். எஞ்சியது எங்கே போயிற்று?

இவ்வினாவுக்குத் தராசைக் கொண்டு விடை கண்டவர் ஸ்காட்லாந்து வேதியியல் அறிஞர் ஜோசப் பிளாக். கல்லைச் சுடும்போது அதனுள் கட்டுண்டிருந்த ஒரு வளி வெளியேறுகிறது என்பதை 1756இல் வெளியான தம் ஆய்வில் அவர் நிறுவினார். அதற்கு 'நிலைத்த காற்று' என்று பெயரும் இட்டார். அதுவே இன்று கார்பன் டை ஆக்சைடு எனப்படுகிறது. கணக்கு எளியது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோ வளியாகப் போய்விடும். எரிப்பது விறகாயினும் நிலக்கரியாயினும் இந்த 44 மாறாது. சூரிய வெப்பத்தால் சுட்டாலும் மாறாது. எரிபொருள் விடும் புகை வேறு. கல் விடும் மூச்சு வேறு.

அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அன்று அங்கே கடல் இருந்தது. அக்கடலின் உயிரினங்கள் தம் ஓடுகளில் சேர்த்து வைத்த கரிமமே கல்லாக உறைந்தது. அக்கல் இன்று சிமெண்ட் ஆலைகளின் உலைகளில் 1450 பாகை வெப்பத்தில் வெந்து கிளிங்கர் ஆகிறது. ஒரு டன் கிளிங்கர் உருவாகும்போது கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிபொருளிலிருந்து வருவது பொதுவாக இதைவிடக் குறைவு. ஆகவே, சூரிய மின்சாரத்தால் இயங்குவதாக ஓர் ஆலை விளம்பரம் செய்தால் அது பொய்யன்று. ஆனால் பெரும்பங்கைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

உமிழ்வைச் சொல்வதற்கென ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. 2001இல் வெளியான பசுமைக்குடில் வளி நெறிமுறை, ஒரு நிறுவனத்தின் உமிழ்வை மூன்று எல்லைகளாகப் பிரிக்கிறது. ஆலைக்குள்ளேயே எழுவது முதல் எல்லை. கல்லின் மூச்சும் உலைப் புகையும் இதில் அடங்கும். விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் நேர்வது இரண்டாம் எல்லை. மூலப்பொருள், போக்குவரத்து முதலியவற்றால் வெளியே நிகழ்வது மூன்றாம் எல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பது 'செபி' அமைப்பின் விதி. அவ்வறிக்கையில் முதலிரு எல்லைகள் கட்டாயப் பகுதியில் இடம்பெற்றன. மூன்றாவது, விரும்பினால் தரலாம் என்ற பகுதியில் வைக்கப்பட்டது.

எண்ணைச் சொல்லிவிட்டால் மட்டும் உண்மை தெளிந்துவிடுமா? ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்ளலாம். டன்னுக்கு 700 கிலோவாக இருந்த உமிழ்வை அது 630 கிலோவாகக் குறைக்கிறது. பத்து விழுக்காடு குறைவு, பாராட்டத்தக்கதே. ஆனால் அதே காலத்தில் உற்பத்தி 10 லட்சம் டன்னிலிருந்து 13 லட்சமாக உயர்ந்திருந்தால், மொத்த உமிழ்வு 7 லட்சம் டன்னிலிருந்து 8 லட்சத்து 19 ஆயிரமாகக் கூடியிருக்கும். வானத்திற்குச் சேர்வது மொத்தமே, விகிதம் அன்று. வகுக்கும் எண்ணையும் கவனிக்க வேண்டும். கிளிங்கருடன் அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்தால் ஒரு டன் சிமெண்டிற்கான உமிழ்வு உண்மையாகவே குறையும். ஆயினும் ஒரு டன் கிளிங்கருக்கான உமிழ்வு அப்படியே இருக்கும். ஓர் ஆலை கிளிங்கருக்கும் மற்றோர் ஆலை சிமெண்டிற்கும் கணக்குச் சொன்னால் இரண்டையும் ஒப்பிட இயலாது.

சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மீண்டும் ஈர்த்தே இறுகுகிறது என்பதும் மெய். பழைய சுவர்களின் உறுதிக்கு அதுவே காரணம். ஆனால் அது மெல்ல நிகழ்வது. சுவரின் தன்மையைப் பொறுத்து மாறுவது. இன்றைய உமிழ்விலிருந்து நாளைய ஈர்ப்பை முன்கூட்டியே கழித்துக்கொள்வதை விட, இரண்டையும் தனித்தனியே எழுதுவதே நேர்மையான கணக்கு.

சேலம் சுண்ணாம்புக் கரட்டின் மாக்னசைட் இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. சுட்டால் தன் எடையில் பாதிக்கும் மேற்பட்டதை வளியாக இழக்கும் கனிமம் அது. எஞ்சும் மக்னீசியா, எஃகு உலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கல் ஆகிறது. சுட்டவருக்கு அது முதல் எல்லை. செங்கல்லை வாங்கும் எஃகு ஆலைக்கு மூன்றாம் எல்லை. சுட்டவர் அறிக்கை தரும் கடமைக்கு உட்படாத சிறு நிறுவனமாகவும், வாங்கியவர் மூன்றாம் எல்லையை எழுதாதவராகவும் இருந்தால், அந்த வளி எந்த ஏட்டிலும் ஏறாது.

பங்குச்சந்தையைக் காணாத சிறு சுண்ணாம்புக் காளவாய்களின் நிலையும் இதுவே. அவற்றின் உமிழ்வைத் தோராயமாக அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. உள்ளே சென்ற கல்லின் எடையும் தூய்மையும், எரித்த கரியின் எடையும் தெரிந்தால் போதும். கல்லையும் கரியையும் எடைபோட்டு விலைக்கு வாங்குபவரிடம் அவ்வெடைகள் ரசீதிலேயே இருக்கும்.