பாம்புக்கு அஞ்சாத கை, பெர்மிட்டுக்குக் காத்திருக்கிறது!

அணுபுரம், கல்பாக்கம், மாமல்லபுரம் வட்டாரத்துப் புதர்க்காட்டில் தடத்தைப் பார்த்தே, போனது நல்ல பாம்பா விரியனா என்று சொல்லிவிடுவார்கள் இருளர்கள். ஆனால் வனத்துறை பெர்மிட் இல்லாமல் கை வைத்தால் கேசுதான்!

ஒரு காலத்தில் பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள் இவர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வியாபாரம் படுத்தது. அடுப்பு எரிய வழி? 1978-ல் பிறந்தது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இடம்: வடநெம்மேலி.

மருந்துக்காக விஷம் எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கும் எந்தப் பாம்பு, எத்தனை பாம்பு என்று எழுதிய உத்தரவு வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலும்தான் கணக்கு. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, சில வாரத்தில் 4 தடவை விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

உத்தரவு தாமதமானால் இருளர் வீட்டில் கூலி இல்லை. அதோடு போச்சா? பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருளே இந்த விஷம்தான்.

2023-ல் இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வாங்கிய கைக்கும் பெர்மிட் வேண்டும்! கோப்பு மேஜையில் தூங்கினால், கடிபட்டவனுக்குப் போகிற ஊசியும் தள்ளித்தான் போகும்.