மர்யம் (அலை) அவர்களின் படமும் அதன் கீழ் ஒரு மிஹ்ராபும்



பூமியில் பிரயாணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையைப் பாருங்கள் என்று அல்குர்ஆன் பல இடங்களில் நமக்குச் சொல்கிறது. பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் பார்ப்பதல்ல, படிப்பினை பெறுவது. அப்படிப் படிப்பினை தரும் கட்டிடங்களுள் ஒன்று துருக்கியின் இஸ்தான்புல் நகரில் இருக்கிறது. அதுதான் ஆயா ஸோபியா. உங்களில் சிலர் அங்கு போயிருக்கலாம். இன்ஷா அல்லாஹ், இன்னும் சிலர் போகக்கூடும். போகாதவர்களும் அறிய வேண்டிய ஒரு விடயம் அதில் உண்டு.

கட்டியவர்கள் யார்?

இதைக் கட்டியவர் ரோமப் பேரரசர் ஜஸ்டீனியன். கி.பி. 532இல் தொடங்கிய வேலை ஆறு வருடங்களுக்குள், 537இல் நிறைவு பெற்றது. அப்போது நமது நபி (ஸல்) அவர்கள் இன்னும் பிறந்திருக்கவில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 55 மீற்றர் உயரத்தில், சுமார் 31 மீற்றர் அகலத்தில் நிற்கும் அதன் குவிமாடத்தின் அடியைச் சுற்றி 40 ஜன்னல்கள். வெளிச்சம் அவற்றினூடாக வரும்போது குவிமாடம் அந்தரத்தில் தொங்குவது போலத் தோன்றும். 558இல் அது இடிந்து விழ, 562இல் மீண்டும் கட்டி முடித்தார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் அது கிறிஸ்தவர்களின் மாபெரும் தேவாலயமாக இருந்தது.

1453ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி ஸுல்தான் முஹம்மத் அல்பாதிஹ் நகரைக் கைப்பற்றினார். அன்று அதற்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஆண்களும் பெண்களும் சிறைபிடிக்கப்பட்டதை வரலாறு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஸுல்தான் அந்தக் கட்டிடத்தை இடிக்காமல் பள்ளிவாசலாக்கி, வக்பு செய்து, அதன் பராமரிப்புக்கு வருமானமும் ஒதுக்கினார். நூறு வருடங்களுக்குப் பின் சிற்பி ஸினான் வெளியே முட்டுச்சுவர்கள் எழுப்பி அதை உறுதிப்படுத்தினார். கிறிஸ்தவர் கட்டினர், முஸ்லிம்கள் தாங்கிப் பிடித்தனர். இரு சாராரின் உழைப்பும் இல்லாவிட்டால் இன்று அது நின்றிருக்காது.

மிஹ்ராபுக்கு மேலே ஒரு தாய்

உள்ளே நின்று கிப்லாவை நோக்கினால் ஒன்றைக் கவனிப்பீர்கள். மிஹ்ராப் கட்டிடத்தின் நடுக்கோட்டில் இல்லை; சற்று வலப்புறம் தள்ளியிருக்கிறது. தொழுகை வரிசைகளும் கட்டிடத்துக்குச் சரிவாகவே அமைகின்றன. தேவாலயத்தின் திசை வேறு, கஃபாவின் திசை வேறு. ஆனால் அதற்காகச் சுவரை இடிக்கவில்லை. தொழுவோர்தான் சற்றுத் திரும்பி நின்றார்கள்.

இனி மேலே பாருங்கள். மிஹ்ராபுக்கு மேலுள்ள அரைக் குவிமாடத்தில், பொன் பின்னணியில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் மொசைக் சித்திரம். 867இல் திறந்து வைக்கப்பட்டது. அந்தப் பெண் மர்யம் (அலை). குழந்தை ஈஸா (அலை). அதற்கு முன் கிறிஸ்தவர்களே உருவப்படங்கள் கூடாதென்று தங்களுக்குள் பிணங்கி, அவற்றை அழித்த ஒரு காலமும் இருந்தது. 843இல்தான் அந்தப் பிணக்கு முடிந்தது.

பள்ளிவாசலுக்குள் உருவப்படமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் படங்கள் உள்ள ஒரு திரை தொங்கியது. தொழுகையில் அது கண்ணில் படுகிறது, அகற்றிவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஹதீஸில் படித்திருக்கிறோம். உருவப்படத்துக்கு முன் தொழுவது நமது வழியல்ல. உஸ்மானியர் சிலுவைகளையும் பலிபீடத்தையும் அகற்றினார்கள். சுவர்ச் சித்திரங்களைப் படிப்படியாகச் சுண்ணச்சாந்தால் மூடினார்கள். 1847 முதல் 1849 வரை ஸுல்தான் அப்துல் மஜீத் காலத்தில் நடந்த திருத்த வேலைகளின்போது அவற்றைத் திறந்து பார்த்து, வரைந்து வைத்துக்கொண்டு, மீண்டும் மூடினார்கள். அந்த நாட்களில்தான் அல்லாஹ், முஹம்மத் (ஸல்), நான்கு கலீபாக்கள், ஹஸன், ஹுஸைன் (ரழி) ஆகிய பெயர்கள் எழுதிய எட்டுப் பெரும் வட்டப் பலகைகள் மாட்டப்பட்டன. இப்போது மர்யம் (அலை) அவர்களின் சித்திரத்தைத் திரையால் மறைக்கிறார்கள்.

சகோதரிகளே, மூடுவது வேறு, உடைப்பது வேறு. நமது மார்க்கக் கடமைக்கு மூடுவது போதுமாக இருந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். அல்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண் மர்யம் (அலை) தான். அவரது தாயார் வயிற்றுப் பிள்ளையை அல்லாஹ்வுக்கென நேர்ந்துவிட்டார். பிறந்தது பெண். அல்லாஹ் அந்தப் பெண் பிள்ளையை அழகாக ஏற்றுக்கொண்டான். ஸகரிய்யா (அலை) அவர்கள் மிஹ்ராபில் அவரிடம் சென்ற போதெல்லாம் அங்கே உணவு இருக்கக் கண்டார்கள் என ஆல இம்ரான் சூராவில் ஓதுகிறோம். உஸ்மானியப் பள்ளிவாசல்கள் பலவற்றில் மிஹ்ராபுக்கு மேலே எழுதப்பட்டிருப்பது இந்த ஆயத்துத்தான். உங்கள் மகள் "மிஹ்ராப் ஆண்களுக்கு மட்டுமா?" என்று கேட்டால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். கிறிஸ்தவர்கள் ஈஸா (அலை) அவர்களை இறைவனின் மகன் என்கிறார்கள். நாம் அவர் அல்லாஹ்வின் அடியார், தூதர் என்கிறோம். இந்த வேற்றுமையைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அதே வாயால் அந்தத் தாயின் கண்ணியத்தையும் சொல்லுங்கள்.

வியர்க்கும் தூண்

ஆயா ஸோபியாவில் 'வியர்க்கும் தூண்' என ஒன்று உண்டு. அதன் குழிக்குள் பெருவிரலை வைத்துக் கையைச் சுழற்றினால் நாட்டம் நிறைவேறும் என்று மக்கள் வரிசையில் நிற்பார்கள். கிறிஸ்தவர்கள் அதை ஒரு புனிதரோடு சேர்த்துக் கதை சொன்னார்கள். நம்மவர்கள் ஹிழ்ர் (அலை) அவர்களோடு சேர்த்தார்கள். ஈரம் கசியும் கல்லிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? துஆவை ஏற்பவன் அல்லாஹ் ஒருவனே. நல்லதைப் போலவே மூடநம்பிக்கையையும் இரு சமூகங்கள் பங்கிட்டுக்கொள்ளும் என்பதற்கு இந்தத் தூண் ஒரு சாட்சி.

குர்துபாவை நினைத்துப் பாருங்கள்

1934இல் துருக்கி அரசு ஆயா ஸோபியாவை நூதனசாலையாக்கத் தீர்மானித்தது. 2020 ஜூலை 10ஆம் திகதி நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை இரத்துச் செய்தது. ஜூலை 24ஆம் திகதி அங்கே மீண்டும் ஜும்ஆ நடந்தது. முஸ்லிம்கள் பலர் மகிழ்ந்து அழுதனர். கிறிஸ்தவர்கள் பலர் வருந்தினர். பாப்பரசர் பிரான்சிஸ் தமக்கு மிகுந்த வேதனை என்றார்.

அந்த வேதனை நமக்குப் புரியாததா? ஸ்பெயினின் குர்துபா பெரிய பள்ளிவாசல் 1236இல் தேவாலயமாக்கப்பட்டது. அதன் தூண்களின் நடுவே பின்னர் ஒரு பெரும் தேவாலய மண்டபத்தையும் எழுப்பினார்கள். இன்றும் அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. அதன் மிஹ்ராபுக்கு முன் நிற்கும் முஸ்லிமின் நெஞ்சு என்ன பாடுபடும்! ஆயா ஸோபியாவில் நிற்கும் கிறிஸ்தவப் பெண்ணின் நெஞ்சும் அப்படித்தான். நமது வலியை மட்டும் வலியென்று எண்ணுவது நீதியல்ல. உமர் (ரழி) அவர்கள் பைத்துல் முகத்தஸில், பின்னால் வரும் முஸ்லிம்கள் அதைக் காரணமாக்கித் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளக்கூடும் என்று அஞ்சி, அதற்குள் தொழ மறுத்ததாக வரலாறு சொல்கிறது. மடங்கள், தேவாலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளிவாசல்கள் ஆகியவற்றை அல்லாஹ் மனிதர்களைக் கொண்டே பாதுகாக்கிறான் என்ற கருத்தை ஸூரா ஹஜ்ஜில் காண்கிறோம். ஆகவே ஆயா ஸோபியாவில் பெருமையடிக்காதீர்கள். தொழக் கிடைத்ததற்கு ஷுக்ர் செய்யுங்கள், கட்டியவரை மதியுங்கள்.

போகிறவர்களுக்கு

தொழுவோருக்குக் கீழ்த்தளத்தில் கட்டணமில்லை. பெண்களுக்குத் தனியிடம் உண்டு. பார்வையிட மட்டும் வரும் வெளிநாட்டவர் 2024 ஜனவரி முதல் கட்டணம் செலுத்தி, வேறு வாசலால் மேல்மாடத்துக்குச் செல்கிறார்கள். மேல்மாடத்தில் ஈஸா (அலை), மர்யம் (அலை), யஹ்யா (அலை) மூவரையும் காட்டும் புகழ்பெற்ற சித்திரம் இருக்கிறது. மூவரையும் நாம் ஈமான் கொண்டு கண்ணியப்படுத்துகிறோம்.

வலது காலை முன்வைத்து நுழையுங்கள். தஹிய்யதுல் மஸ்ஜித் இரண்டு ரக்அத் தொழுங்கள். படம் பிடிப்பதற்காகத் தொழுவோருக்குக் குறுக்கே போகாதீர்கள். பிள்ளைகளைச் சத்தமிட்டு ஓட விடாதீர்கள். அருகில் ஒரு கிறிஸ்தவப் பெண் மேலே பார்த்தபடி கண்கலங்கி நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு புன்னகை செய்யுங்கள். அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் சபையில் ஜஃபர் (ரழி) ஸூரா மர்யமை ஓதியபோது மன்னர் அழுதார்; முஸ்லிம்களைப் பகைவரிடம் ஒப்படைக்க மறுத்தார். அன்று நமது உம்மத்துக்கு நிழல் தந்தது மர்யம் (அலை) அவர்களின் வரலாறுதான்.

ஊருக்குப் போகாத சகோதரிகள் இன்றிரவு பிள்ளைகளை அருகில் வைத்து ஸூரா மர்யமைப் பொருளோடு ஓதுங்கள். அடுத்த வீட்டில் ஒரு கிறிஸ்தவச் சகோதரி இருந்தால், நாங்களும் மர்யமை நேசிக்கிறோம் என்று ஒருநாள் அவரிடம் சொல்லுங்கள். அதற்கு இஸ்தான்புல் வரை போக வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் நீதியையும் பணிவையும் தருவானாக. ஆமீன்.