தேயிலைச் செடியின் உணவும் வேரிற் சேரும் மாப்பொருளும்

கவ்வாத்து முடிந்த மலையில் இலையற்ற கவைகளே எஞ்சி நிற்கின்றன. சில கிழமைகளில் அவற்றில் அரும்புகள் தோன்றுகின்றன. எனினும், இங்குமங்கும் சில செடிகள் துளிர்க்காமலே பட்டுப்போவதும் உண்டு. ஒரே கத்தியால் ஒரே நாளில் வெட்டப்பட்ட இரு செடிகளுள் ஒன்று தழைத்து மற்றது மடிவதற்குப் பெரும்பாலும் காரணமாவது, வெட்டுக்கு முன் அவற்றின் இலைகள் செய்த வேலையே.

உரம் செடியின் உணவு எனப் பலர் கருதுவர். அது முற்றும் சரியன்று. மண்ணிலிருந்து செடி பெறுவன நீரும் சில உப்புக்களுமே. அதன் உடலை ஆக்கும் மூலப்பொருளிற் பெரும்பகுதி காற்றிலிருந்து வருகின்றது. காற்றில் ஏறத்தாழ 0.04 வீதமே உள்ள காபனீரொட்சைட்டு, இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய இலைவாய்களூடாக உட்செல்கின்றது. இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியை உறிஞ்சி, அதன் சத்தியால் நீரைப் பிரிக்கின்றது. அதிற் பிரியும் ஒட்சிசன் வெளியேற, எஞ்சிய ஐதரசன் காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து வெல்லமாகின்றது. இதுவே ஒளித்தொகுப்பு எனப்படும். பச்சையத்தின் ஆக்கத்திற்கு நைதரசனும் மகனீசியமும் வேண்டும். உரத்தின் பயன்களுள் இதுவும் ஒன்று.

பறிக்கப்படும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தமக்கு வேண்டிய உணவைத் தாமே முழுவதும் ஆக்க வல்லன அல்ல. அவை உண்பவை, ஊட்டுபவை பறிக்கும் மட்டத்தின் கீழுள்ள முதிர்ந்த கரும்பச்சை இலைகளே. கூடையை நிரப்பும் நோக்குடன் அவ்விலைகளையும் உருவி எடுத்தால், அன்றைய நிறை கூடலாம். அடுத்த முறை கொழுந்து குறையும்.

அளவுக்கு மிஞ்சிய வெயிலும் இவ்வேலைக்கு உதவாது. இலையின் வெப்பநிலை 35 பாகை செல்சியசைக் கடந்தால் தேயிலையின் ஒளித்தொகுப்பு விரைவாகக் குறைகின்றது. வறட்சிக் காலத்தில் இலைவாய்கள் மூடிக்கொள்வதால், வெயில் நிறைந்திருந்தும் காபனீரொட்சைட்டு உட்புகுவதில்லை. சவுக்கும் முள்ளுமுருக்கும் நிழலுக்காக நடப்படுவதன் காரணம் இதனால் விளங்கும். ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மலை முழுவதும் முகில் மூடிக்கிடக்கும்போது அடர்ந்த நிழல் தீங்கே செய்யும். ஒளி குறைவதோடு, 1946ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்க்கும் அந்த ஈரம் இடந்தருகின்றது. ஆகவே மழைக்கு முன் நிழல்மரக் கிளைகளைக் கழித்துவிடுதல் நன்று.

அன்றாடச் செலவு போக மிஞ்சும் வெல்லம் வேருக்கு இறங்கி, அங்கு மாப்பொருளாகச் சேமிக்கப்படுகின்றது. கவ்வாத்துச் செய்யப்பட்ட செடிக்கு இலை இல்லை; ஆகவே ஒளித்தொகுப்பும் இல்லை. புதிய இலைகள் விரிந்து வேலை தொடங்கும்வரை அது வேரிலுள்ள சேமிப்பைக் கொண்டே உயிர்வாழ வேண்டும். சேமிப்பற்ற செடியே மடிகின்றது. அவ்விடத்திற் புதுக்கன்று நட்டுப் பயன்பெறச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை அந்நிரையிற் கொழுந்து பறிப்பவரின் கூடையும் குறைவாகவே நிறையும்.

1925ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,380 மீற்றர் உயரத்திலுள்ளது. இத்தகைய குளிர்ந்த இடங்களிற் சுவாசத்தாற் செலவாகும் மாப்பொருள் குறைவு. எனவே சேமிப்பு மிகுதி. வெப்பமான தாழ்நிலத் தோட்டங்களிலேயே கவ்வாத்தினால் இறக்கும் செடிகள் அதிகம். அதனால் மலைநாட்டார் கவலையின்றி இருந்துவிடலாம் என்பதன்று. நோயுற்ற செடியும், இலை உருவப்பட்ட செடியும், நீண்ட வறட்சியில் வாடிய செடியும் எவ்வுயரத்திலும் வறியனவே.

சேமிப்பை அறிவது எளிது. வெட்டுதற்கு முன் மலையின் பல இடங்களிலுமுள்ள சில செடிகளிலிருந்து, பென்சில் அளவு தடித்த வேரொன்றை எடுத்துக் கழுவிச் சரிவாக வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் கரைசல் ஒரு துளி இடுக. கருநீலமாக மாறினால் மாப்பொருள் நிறைந்துள்ளது. மஞ்சளாகவோ கபிலமாகவோ இருந்தால் கவ்வாத்தைத் தள்ளிவைத்து, சில கிழமைகள் கொழுந்து பறியாது செடியை ஆறவிட்டு, மீண்டும் சோதித்தல் வேண்டும்.

தள்ளிவைக்க இயலாவிடின், இலையுள்ள கிளை ஒன்றிரண்டை வெட்டாது விட்டு, புதுத்தளிர் விரிந்தபின் அகற்றலாம். தோட்டத்துரைமார் இக்கிளைக்கு நுரையீரல் எனப் பெயரிட்டனர். அது செய்யும் வேலையை நோக்கின், அடுக்களை என்பதே பொருந்தும்.