சூளைக் கூற்றில் ஒளிந்திருக்கும் எடுகோள்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையை வைத்தே ஒரு தருக்க வினா அமைக்கலாம். கூற்று: “விறகுச் சூளையை விட்டு எரிவாயுச் சூளைக்கு மாறினால் பொம்மைகளில் விரிசல் குறையும், ஏனெனில் எரிவாயுச் சூளையில் வெப்பம் சீராக ஏறும்.” இதில் சொல்லப்படாத எடுகோள் எது? (அ) விரிசலில் ஒரு பங்காவது சீரற்ற வெப்பத்தால் வருகிறது. (ஆ) எரிவாயு விறகைவிட மலிவு. (இ) எல்லாப் பட்டறைகளும் மாறிவிடும்.

முதலில் முடிவையும் காரணத்தையும் பிரிக்க வேண்டும். ‘ஏனெனில்’ என்ற சொல்லே வெட்டுமிடம். மணிமேகலையில் அறவண அடிகள் இவற்றைப் பக்கம், ஏது என்பார். அங்கே மூன்றாவதாகத் திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு, வந்து இரண்டையும் வெளிப்படையாகப் பிணைக்கும். தேர்வுத்தாள் அந்தப் பிணைப்பைத்தான் மறைத்துவைக்கிறது.

அடுத்து இடைவெளியை அளக்க வேண்டும். முடிவில் ‘விரிசல்’ இருக்கிறது, காரணத்தில் இல்லை. காரணத்தில் ‘சீரான வெப்பம்’ இருக்கிறது, முடிவில் இல்லை. இவ்விரண்டையும் இணைக்கும் வாக்கியத்தை, விடைகளைப் பார்க்கும் முன்பே மனத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

மூன்றாவது மறுப்புச் சோதனை. வேலையின் பெரும்பகுதி இதுதான். ஒவ்வொரு விடையையும் மறுத்து, முடிவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். (அ)வின் மறுப்பு: விரிசலில் ஒரு பங்குகூடச் சீரற்ற வெப்பத்தால் வருவதில்லை. அப்படியானால் அது சூளைக்கு முன்பே பிறந்திருக்கலாம். களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையில், மெல்லிய கை முந்தி உலர்ந்து சுருங்க, தடித்த அடிப்பகுதி பிந்தினால், பிளவு அங்கேயே விழுந்துவிடும். சூளையை மாற்றிப் பயனில்லை, முடிவு சரிகிறது. ஆகவே (அ) எடுகோள். (ஆ)வை மறுத்தால் எரிவாயு மலிவில்லை என்றாகும். முதலாளி முகம் சுளிக்கலாம். விரிசல் குறைவதற்குத் தடையில்லை. (இ)யின் மறுப்பு ‘ஒன்றும் மாறாது’ என்பதன்று, ‘சில மாறா’ என்பதே. பலர் சறுக்குமிடம் இது. கூற்றோ மாறும் பட்டறையைப் பற்றியது, அதற்குச் சேதமில்லை.

இத்தகைய வினாக்கள் வரும் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் 80 வினாக்களுக்கு 120 நிமிடம், அதாவது வினாவுக்கு 90 விநாடி. தவறான விடைக்கு மூன்றிலொரு பங்கு மதிப்பெண் கழியும். பழகிய கைக்கு இந்த வரிசை அந்த நேரத்துக்குள் அடங்கும்.

கடைசியாகச் சொல்லின் அளவைச் சரிபார்க்க வேண்டும். (அ) ‘எல்லா விரிசலும் சீரற்ற வெப்பத்தாலேயே’ என்றிருந்தால் விடையாகாது. வேறு காரணங்கள் சில இருந்தாலும் விரிசல் ‘குறையும்’. முடிவு ‘விரிசலே இராது’ என்றிருந்தால், அதே கடுமையான வாக்கியம் இன்றியமையாததாகிவிடும்.