தொட்டியிலே செங்காந்தள்

"செங்காந்தளா? அது பாட்டிலே வரும் பூ அல்லவா?" என்று கேட்பீர்கள். பாட்டிலே மட்டுமா! குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் முதல் பூ இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்றால் கிராமத்துப் பாட்டிமாருக்கு உடனே விளங்கும்.

மருந்துக்காகக் கிழங்கைத் தோண்டித் தோண்டி, வேலியோரங்களில் இந்தக் கொடி அருகி வருகிறது. ஆகையால் கண்ட இடத்தில் பெயர்த்து வராதீர்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்தில் விதைக்கென்றே இதைப் பயிரிடுகிறார்கள். அங்கே உறவினர் இருந்தால் பத்து விதை கேட்டு வாங்குங்கள்.

ஓர் அடி ஆழமுள்ள தொட்டியில் செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஆடி மாதத்தில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். முளைக்கப் பல வாரங்கள் ஆகும். எல்லாம் ஒன்றாகவும் முளைக்காது.

முதல் வருஷம் நாலைந்து இலைதான். மழைக்காலம் போனதும் அதுவும் காய்ந்துவிடும். 'செத்துப் போச்சு' என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்! மண்ணுக்குள் சின்னக் கிழங்கு உறங்குகிறது. கோடையில் தண்ணீர் வேண்டாம். அடுத்த மழைக்குத் தானே எழுந்திருக்கும். மூன்றாம், நான்காம் வருஷத்தில் இலை நுனியே சுருண்டு குச்சியைப் பற்றி ஏறும். பிறகு பூ! பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, நெருப்பாய்ச் சிவக்கும் அழகை எத்தனை நாள் பார்த்தாலும் அலுக்காது.

ஆனால், அம்மா, ஒரு விஷயத்தில் வெகு ஜாக்கிரதை வேண்டும். செடி முழுவதுமே விஷம். கிழங்கிலும் விதையிலும் அதிகம். 'கொல்ச்சிசின்' என்ற அந்தச் சத்து, அளவோடு கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. மிஞ்சினால் உயிரைக் குடிக்கும். சர்க்கரைவள்ளி என்று நினைத்து இந்தக் கிழங்கை வேகவைத்துத் தின்று மாண்டவர்கள் உண்டு. வேகவைத்தாலும் விஷம் போகாது. யாராவது வாயில் போட்டுவிட்டால், வாந்தி பேதி வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கொடியே வேண்டாம் என்பேன். குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயது வரட்டும். மண்ணைக் கிளறும்போது கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மேலும் விதை வேண்டுமானால், காலையில் ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு கொடியின் பூவில் தடவுங்கள். காய் முற்றி வெடிக்குமுன் பறித்துக் காயவைத்து, உறையில் போட்டு, மேலே 'விஷம்' என்று பெரிதாக எழுதி, அஞ்சறைப்பெட்டிப் பக்கமே வராத ஓரிடத்தில் பூட்டி வையுங்கள்.