சீசன் வந்தாச்சு... ஊட்டி பசங்க பிஸி!

நமக்கு மே மாசம்னா லீவு. ஊட்டி பசங்களுக்கு? அதுதான் சீசன்... வேலை! மலர்க் கண்காட்சிக்காக அரசு தாவரவியல் பூங்காவில் கூட்டம் அள்ளும்போது, காலேஜ் பசங்க பலர் ஹோட்டல் ரிசப்ஷனிலும் வர்க்கிக் கடையிலும் பிஸி. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் இதில்தான் தேறணும்!

கூடவே டிராஃபிக் தலைவலி. அதனால்தான் 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடைக்கு, நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிதான்னு சென்னை உயர் நீதிமன்றம் லிமிட் போட்டது. வண்டி குறைஞ்சா ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்கும். வியாபாரம் குறைஞ்சா ஃபீஸ் இடிக்கும். ரெண்டுமே அவங்க கவலைதான்.

ஸோ பாஸ், அடுத்த சீசனுக்கு மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் ஏறுங்க. அதுக்கு இ-பாஸ் தேவையில்லை. மலையில் ஒரு கார் குறையும். வர்க்கி வாங்க ஓர் ஆள் கூடும்!