அந்த ஒரு கணம் இருட்டு!

கலியாண வீட்டில் படக்காரர் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் காமிராவைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வகை, 'டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.'

1991-ல் கோடாக் கம்பெனி இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. படங்களைச் சேமிக்கும் பெட்டியை அப்போது தனியே தோளில் சுமக்க வேண்டும்!

இந்தக் காமிராவுக்குள் ஒரு சிறு கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. லென்சு காணும் காட்சியை அது நம் கண்ணுக்கு அனுப்புகிறது.

பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி மேலே எழும்புகிறது. ஒளி பின்னால் உள்ள 'சென்சார்' மீது விழுந்து படமாகிறது. அந்தக் கணம், படம் எடுப்பவர் கண்ணுக்கு எல்லாம் இருட்டு!

அந்த நேரம் பார்த்துக் குழந்தை கண்ணை மூடிவிட்டால்?

பிலிம் காலத்தில், கழுவிய பிறகுதான் தெரியும். இன்றோ, காமிராவின் பின்புறத் திரையில் உடனே பார்த்துவிடலாம். குழந்தை சிரிக்கும்வரை மறுபடி மறுபடி எடுக்கலாம்!